பட்டாவில் பெயர் தப்பா? தாசில்தார் பேனா எதுவரை எழுதும்?

மகள் கல்யாணச் செலவுக்குக் காலி மனையை விற்கப் போகிறார் ஒருவர். வாங்க வந்தவர் காகிதங்களைப் புரட்டுகிறார். பத்திரத்தில் 'முருகேசன்'. பட்டாவில் 'முருகையன்'. அட்வான்ஸ் பணம் திரும்பப் பைக்குள் போகிறது. கல்யாணத் தேதி மட்டும் நெருங்கிக்கொண்டே வருகிறது!

தாசில்தார் ஆபீஸ் வாசலில் இந்தக் கூத்தை அடிக்கடி பார்க்கலாம். "ஒரு எழுத்துதானே சார், அடிச்சு எழுதிட்டாப் போச்சு" என்பார்கள். சில தப்பை அப்படித் திருத்தலாம். சில தப்பில் தாசில்தார் பேனாவை வைக்கவே கூடாது. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலர் வருஷக்கணக்கில் அலைகிறார்கள்.

தப்பு வந்தது எப்படி?

1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டுக் கிராமங்களில் நில ஆவணங்களைப் புதுப்பித்தார்கள். ஆபீஸில் 'யு.டி.ஆர்.' என்பது இதைத்தான். ஏக்கர், சென்ட் கணக்கெல்லாம் ஹெக்டேர், ஏர்ஸ் ஆனது. எல்லாம் கையால் எழுதிய வேலை. அண்ணன் பங்கு தம்பி பெயரில் ஏறியது. 2-ஏ என்ற உட்பிரிவு 2-பி ஆனது. அந்தப் பதிவேடு பிறகு கம்ப்யூட்டருக்குப் போனது. தப்பும் கூடவே போனது! அன்றைய கிராமங்கள் பல இன்று புறநகர். ஆகவே பட்டணத்துக்காரருக்கும் இந்தத் தலைவலி உண்டு.

அதிகாரம் யாருக்கு?

1983-ம் வருஷப் பட்டா பாஸ்புத்தகச் சட்டப்படி பதிவை மாற்றும் அதிகாரம் தாசில்தாருக்கு. சொந்தக்காரர் இறந்தாலும் நிலம் கைமாறினாலும் அவர்தான் பெயர் மாற்ற வேண்டும். அதற்கு முன் சம்பந்தப்பட்டவர்களுக்குத் தகவல் கொடுத்து, அவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். நோட்டீஸே கொடுக்காமல் ஒருவர் பெயரை அடித்த உத்தரவு, அப்பீலில் நிற்பது கஷ்டம். அப்பீல் ஆர்.டி.ஓ.விடம். அதற்கும் மேலே டி.ஆர்.ஓ.விடம் ரிவிஷன்.

முருகேசன் முருகையன் ஆனது வெறும் எழுத்துப்பிழை. பத்திரம், பழைய பட்டா, வில்லங்கச் சான்றிதழ் மூன்றும் ஒரே பெயரைச் சொன்னால் போதும், பேச்சு சுருக்கமாக முடியும். யு.டி.ஆர். காலத்துத் தப்பு என்றால், அதற்கு முந்தைய 'அ' பதிவேட்டின் நகல்தான் பெரிய ஆயுதம். அதை வாங்காமல் மனு மேல் மனு போடுவது வீண் வேலை.

ஆனால், "அது எங்க தாத்தா சொத்து" என்று பங்காளி ஒருவர் வந்து நின்றுவிட்டாரா? கதையே மாறிவிடும். இப்போது சண்டை எழுத்தைப் பற்றியதல்ல, உரிமையைப் பற்றியது. வாரிசுத் தகராறு கிளம்பி, எல்லோரும் எழுத்து மூலம் ஒத்துக்கொள்ளாவிட்டால், சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்றுதான் தாசில்தார் சொல்ல வேண்டும். 1987-ம் வருஷ விதி அப்படி. மேலதிகாரிக்கும் இதே கட்டுதான். உரிமையை முடிவு செய்வது டி.ஆர்.ஓ. வேலையல்ல என்று காஞ்சிபுரம் மாவட்ட வழக்கு ஒன்றில் ஐகோர்ட்டு பெஞ்சு 2011-ல் சொல்லிவிட்டது.

பத்திரமே தப்பானால்...

பத்திரத்திலேயே சர்வே எண் தப்பா? தாசில்தாரிடம் போய்ப் பயனில்லை. சப்-ரிஜிஸ்திராரும் தானாகத் திருத்த முடியாது. விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்து பிழைத்திருத்தல் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். "கவனிச்சா வர்றேன்" என்று விற்றவர் இழுத்தடித்தால்? (இதுவும் நடக்கிறது!) 1963-ம் வருஷ ஸ்பெசிபிக் ரிலீப் சட்டம் 26-வது பிரிவில் கோர்ட்டில் கேட்கலாம். இரண்டு பேரும் நினைத்தது ஒன்று, பத்திரத்தில் ஏறியது வேறு என்று நிரூபிக்க வேண்டும்.

போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்ய வழிசெய்யும் 77-ஏ பிரிவை 2022-ல் தமிழக அரசு கொண்டுவந்தது. ஏமாந்தவர்கள் சந்தோஷப்பட்டார்கள். 2024-ல் அந்தப் பிரிவு செல்லாது என்று சென்னை ஐகோர்ட்டு தீர்ப்பளித்தது. ஏமாந்தவர்களுக்கு வருத்தம்தான். ஆனாலும் ஒரு அதிகாரியின் கையெழுத்தில் சொத்து திரும்பி வரும் என்றால், இன்னொரு கையெழுத்தில் போகவும் செய்யுமே!

பட்டாவில் பெயர் விட்டுப்போனதால் மட்டும் சொத்து போய்விடாது. பெயர் ஏறியதால் மட்டும் வந்துவிடாது. 1997-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னதும் இதே கருத்துதான். அதற்காகத் தூங்கிவிட வேண்டாம். 'இது என் சொத்து என்று அறிவியுங்கள்' எனக் கேட்கும் வழக்குக்குக் கெடு மூன்றே வருஷம். உங்கள் உரிமையை ஒருவர் முதலில் மறுத்த நாளிலிருந்து எண்ணுவார்கள். எதிராளியிடமிருந்து நோட்டீஸ் வந்திருந்தால், உறையைத் தூக்கிப் போடாதீர்கள். தபால் முத்திரையில் தேதி இருக்கிறது.