போட்டிப் பதற்றம்

போட்டிப் பதற்றம் என்பது விளையாட்டு வீரர் ஒருவருக்குப் போட்டிக்கு முன்னரோ, போட்டியின் போதோ ஏற்படும் அச்சமும் உள நெருக்கடியும் கலந்த நிலை ஆகும். தோற்றுவிடுவோமோ, பிறர் என்ன நினைப்பார்களோ, காயம் ஏற்படுமோ போன்ற எண்ணங்களிலிருந்து இது எழுகின்றது. பயிற்சியில் பிழையின்றி ஆடும் ஒருவர் போட்டியில் தடுமாறுவதற்கு இது ஒரு முக்கிய காரணம். எனினும் பதற்றம் முற்றிலும் தீங்கானது அன்று. அதன் அளவு, அதனை வீரர் புரிந்துகொள்ளும் விதம், அவ்வேளையில் அவரது கவனம் செல்லும் இடம் ஆகியவற்றைப் பொறுத்தே விளைவு அமைகின்றது. இது விளையாட்டு உளவியலின் முதன்மையான ஆய்வுப் பொருள்களுள் ஒன்றாகும்.

வகைகள்

உளவியலாளர் சார்லஸ் ஸ்பீல்பெர்கர் 1966 இல் பதற்றத்தை இரண்டாகப் பிரித்து விளக்கினார்.

- இயல்புப் பதற்றம்: எதற்கும் எளிதில் பதறும் தன்மை. இது ஒருவரது ஆளுமையின் பகுதி.
- சூழ்நிலைப் பதற்றம்: குறிப்பிட்ட ஒரு வேளையில் தோன்றி மறைவது. இறுதிப் போட்டிக்கு முன் ஏற்படும் பதற்றம் இதற்கு எடுத்துக்காட்டு.

வெளிப்படும் முறையைக் கொண்டு இதனை உளப் பதற்றம், உடற் பதற்றம் எனவும் பிரிப்பர். கவலை, ஐயம், கவனச் சிதறல் ஆகியன முதல் வகை. படபடப்பு, வியர்வை, தசை இறுக்கம் ஆகியன இரண்டாம் வகை. பொதுவாக ஆட்டம் தொடங்கியதும் உடற் பதற்றம் குறைந்துவிடும். உளப் பதற்றமோ ஆட்டத்தின் போக்கிற்கு ஏற்ப ஏறி இறங்கும்.

உடலில் நிகழும் மாற்றங்கள்

மூளை ஒரு சூழலை ஆபத்து என உணரும்போது பரிவு நரம்பு மண்டலம் தூண்டப்பட்டு, அட்ரீனலின் சுரக்கின்றது. இதயத்துடிப்பும் மூச்சும் விரைவடைகின்றன. தசைகளுக்குக் கூடுதல் குருதி செல்கின்றது, செரிமானம் மந்தமாகின்றது. வயிற்றைப் பிசைவது போன்ற உணர்வும் வாய் உலர்தலும் இதன் விளைவுகளே. போராடவோ தப்பி ஓடவோ உடல் ஆயத்தமாகும் நிலை இது. பளு தூக்குபவருக்கு இந்த எழுச்சி உதவக்கூடும். துப்பாக்கி சுடுபவருக்கும் வில்லாளிக்கும் கையில் ஏற்படும் சிறு நடுக்கமே புள்ளிகளைப் பறித்துவிடும்.

பதற்றமும் ஆட்டத்திறனும்

ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் ஆகியோர் 1908 இல் எலிகளைக் கொண்டு செய்த ஆய்விலிருந்து ஒரு விதி உருவானது. அதன்படி, உளக் கிளர்ச்சி கூடக்கூட ஆட்டத்திறன் ஓர் அளவு வரை உயர்ந்து, பின்னர் சரிகின்றது. இதனை வரைந்தால் கவிழ்த்து வைத்த 'ப' போன்ற வளைகோடு கிடைக்கும். செய்யும் பணி நுட்பமானதாக இருந்தால், உகந்த கிளர்ச்சியின் அளவு குறைவாக இருக்கும்.

இவ்விதி எளிமையானது என்பதால் பின்னர் வேறு கோட்பாடுகளும் முன்வைக்கப்பட்டன. உகந்த பதற்றத்தின் அளவு ஆளுக்கு ஆள் மாறும் என்பது யூரி ஹானினின் கருத்து. கவலை மிகுந்திருக்கும் வேளையில் உடற் கிளர்ச்சியும் ஓர் எல்லையைக் கடந்தால் ஆட்டத்திறன் படிப்படியாக அன்றித் திடீரெனச் சரியும் என்பது லூ ஹார்டியின் கருத்து. அவ்வாறு சரிந்தபின் சிறிதளவு அமைதி போதாது. கிளர்ச்சி வெகுவாகக் குறைந்த பின்னரே ஆட்டம் மீளும்.

நெருக்கடியில் தடுமாறுதல்

வீரர் தடுமாறுவதற்கு இரண்டு விளக்கங்கள் தரப்படுகின்றன. ஒன்று, கவலை கவனத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றது. மற்றொன்று, பழக்கத்தால் தானாக நிகழும் அசைவுகளை வீரர் வலிந்து கண்காணிக்கத் தொடங்குகிறார். படியிறங்கும்போது ஒவ்வோர் அடியையும் எண்ணிப் பார்த்தால் கால் இடறுவது போன்றது இது.

1993 விம்பிள்டன் மகளிர் இறுதிப் போட்டி இவ்வகையில் பெரிதும் பேசப்படுவது. மூன்றாவது செட்டில் 4-1 என முன்னணியில் இருந்த யானா நோவொட்னா, 5-1 என உயர்வதற்கு ஒரு புள்ளியே தேவைப்பட்ட வேளையில் இரட்டைப் பிழை செய்தார். ஸ்டெபி கிராப் அடுத்த ஐந்து ஆட்டங்களையும் வென்று பட்டத்தைப் பெற்றார். நோவொட்னா 1998 இல் அதே பட்டத்தை வென்றார்.

மேலாண்மை முறைகள்

இம்முறைகளின் நோக்கம் பதற்றத்தை அறவே ஒழிப்பது அன்று. கவனத்தை அடுத்துச் செய்ய வேண்டிய செயலுக்குத் திருப்புவதே ஆகும்.

- மூச்சுப் பயிற்சி: உள்ளிழுக்கும் நேரத்தைவிட வெளிவிடும் நேரம் கூடுதலாக இருக்குமாறு மெதுவாக மூச்சு விடுதல். இதயத்துடிப்பு தணியும்.
- தசைத் தளர்வு: எட்மண்ட் ஜேக்கப்சன் வகுத்த முறை. ஒவ்வொரு தசைத் தொகுதியையும் இறுக்கிப் பின் தளர்த்துதல்.
- முன்செயல் ஒழுங்கு: ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் சில சிறு செயல்களைச் செய்தல். பந்தை எண்ணி மூன்று முறை தட்டிய பின் எறிவது இத்தகையது.
- மனக்காட்சிப் பயிற்சி: ஆட்டத்தையும், அதில் நேரக்கூடிய இடர்களையும், அவற்றிலிருந்து மீள்வதையும் மனத்தில் நிகழ்த்திப் பார்த்தல்.
- மறுபொருள் கொள்ளல்: படபடப்பை அச்சமாகக் கருதாது, உடல் ஆயத்தமாவதாகக் கருதுதல்.
- நெருக்கடிப் பயிற்சி: பார்வையாளர், நேர வரம்பு, தோல்விக்குச் சிறு தண்டனை ஆகியவற்றைப் பயிற்சியிலேயே சேர்த்தல்.

முதல் இரண்டும் உடற் பதற்றத்திற்கும், ஏனையவை பெரும்பாலும் உளப் பதற்றத்திற்கும் பொருந்துவன. போட்டி நாளில் புதிதாக முயன்றால் இவை பயன் தரா. பல வாரங்கள் பழகியிருக்க வேண்டும்.

சென்னையைச் சேர்ந்த சதுரங்க வீரர் குகேஷ், 2024 உலக வாகையர் போட்டிக்கு ஆயத்தமானபோது மனத்திறன் பயிற்றுநர் பேடி அப்டனுடன் பணியாற்றினார். அப்டன் 2011 இல் உலகக்கிண்ணம் வென்ற இந்தியத் துடுப்பாட்ட அணியுடனும் பணியாற்றியவர்.

மருந்துகளும் தடையும்

பீட்டா தடுப்பி மருந்துகள் இதயத்துடிப்பையும் கைநடுக்கத்தையும் குறைப்பவை. ஆகையால் துப்பாக்கி சுடுதல், வில்வித்தை உள்ளிட்ட விளையாட்டுகளில் அவை தடைசெய்யப்பட்டுள்ளன. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜோங் சு, புரோப்ரனலால் பயன்படுத்தியது கண்டறியப்பட்டதால் இரண்டு பதக்கங்களை இழந்தார்.

விலகி நிற்றல்

எல்லா வேளைகளிலும் பதற்றத்தை அடக்கி ஆடுவது சரியான வழி அன்று. 2021 இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்கச் சீருடற்பயிற்சி வீராங்கனை சிமோன் பைல்ஸ், காற்றில் சுழலும்போது தன் உடலின் நிலையை உணர இயலாமல் போனதால் அணி இறுதிப் போட்டியின் நடுவே விலகினார். தொடர்ந்திருந்தால் கடுங்காயம் நேர்ந்திருக்கக்கூடும். சில நாள்களில் சமநிலைக் கட்டையில் வெண்கலமும், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மூன்று தங்கங்களும் வென்றார்.

உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, போட்டி இல்லாத நாள்களிலும் நீடிக்கும் அச்சம் ஆகியன இருப்பின் அது போட்டிப் பதற்றத்தின் எல்லையைக் கடந்ததாக இருக்கலாம். அந்நிலையில் பயிற்றுநரின் ஊக்கச் சொற்கள் போதா. உளநல மருத்துவரை அணுகுதல் வேண்டும்.