இணைப்புச் சொல்லும் குறிப்பு விரிவாக்கமும்: போட்டித் தேர்வுத் தமிழில் தொடரியைபுப் பயிற்சி

ஆய்வுச் சுருக்கம்

அரசுப் பணித் தேர்வுகளின் தமிழ்த் தகுதித் தாள்களில் இணைப்புச் சொல் வினாவும், சுருக்கக் குறிப்பிலிருந்து விரிவாக்கம் செய்யும் வினாவும் இடம்பெற்று வந்துள்ளன. இவை பெரும்பாலும் சொல்லறிவு வினாக்களாகவே கருதப்பட்டுப் பயிற்றப்படுகின்றன. முன்னது இரு கூற்றுகளுக்கு இடைப்பட்ட உறவை அறியும் திறனையும், பின்னது நோக்கத்திற்கேற்பச் செய்தியைத் தெரிந்தெடுக்கும் திறனையும் சோதிப்பவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. விருதுநகர் மாவட்டப் பட்டாசுத் தொழில் வட்டாரம் சார்ந்த செய்திகள் பயிற்சிச் சான்றுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: இணைப்புச் சொல், தொடரியைபு, குறிப்பு விரிவாக்கம், தகுதித் தேர்வு, இடைச்சொல், சிவகாசி.

முன்னுரை

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தேர்வுகளில் தமிழைக் கட்டாயத் தகுதித் தாளாக்கும் அரசாணை 2021 திசம்பர் 1 அன்று வெளியிடப்பட்டது. தொகுதி 4 தேர்வில் தமிழ்ப் பகுதிக்கு 100 வினாக்கள், மதிப்பெண் 150. அதில் 40 விழுக்காடு, அதாவது 60 மதிப்பெண், பெறாதவரின் பொது அறிவுப் பகுதி மதிப்பிடப்படுவதில்லை. ஆகவே, பிற பாடங்களில் எவ்வளவு தேர்ச்சி உடையவராயினும் தமிழ்ப் பகுதியில் தவறியவர் அத்துடன் நின்றுவிடுகிறார்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை ஆகிய பகுதிகளில் இத்தேர்வு வெறும் வேலைவாய்ப்பு வாயில் அன்று. பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் சென்றுவரும் குடும்பங்களின் அடுத்த தலைமுறை, மருந்தறைக்கு வெளியே ஒரு வாழ்வைத் தேடும் வழிகளுள் இதுவும் ஒன்று. விருதுநகர் மாவட்டம் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டில் பல்லாண்டுகள் முன்னணியில் நின்றது. பாடநூலைப் பயின்று தேர்ச்சி பெறும் பழக்கம் இம்மண்ணுக்குப் புதிதன்று. எனினும் இங்கு ஆராயப்படும் இருவகை வினாக்களும் மனப்பாடத்திற்கு வசப்படாதவை.

ஐந்து சொற்களும் மூன்று உறவுகளும்

2021ஆம் ஆண்டு ஆணையை அடுத்து வெளியான தொகுதி 4 பாடத்திட்டத்தில், சரியான இணைப்புச் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் பகுதிக்கு எனவே, ஏனெனில், ஆகையால், அதனால், அதுபோல என ஐந்து சொற்கள் அடைப்புக்குள் தரப்பட்டிருந்தன. இவ்வரிசையை உற்றுநோக்கினால் ஓர் ஒழுங்கின்மை புலப்படும். எனவே, ஆகையால், அதனால் ஆகிய மூன்றும் காரணத்திலிருந்து விளைவை நோக்கிச் செல்பவை. ஏனெனில் ஒன்றே அத்திசையைத் திருப்பி, விளைவை முன்வைத்துக் காரணத்தைப் பின்னே தருகிறது. அதுபோல ஒப்புமை உணர்த்துகிறது. எதிர்நிலை உறவைக் காட்டும் ஆனால், எனினும், மாறாக ஆகியவற்றுக்கு இடமில்லை. ஐந்து சொற்கள் இருப்பினும் உறவுகள் மூன்றே.

மாணவர் இவற்றை ஒருபொருட் சொற்களாகக் கற்கும்போது சிக்கல் தொடங்குகிறது. அவற்றின் சொல்லமைப்பே வேறுபாட்டைக் காட்டுகிறது. அதனால் என்பது சுட்டுப்பெயர் மூன்றாம் வேற்றுமை உருபை ஏற்ற வடிவம். முன்னர்க் கூறப்பட்ட நிகழ்ச்சியையே அது சுட்டுகிறது. ஆகையால் என்பதில் ஆகை என்னும் தொழிற்பெயர் அவ்வுருபை ஏற்கிறது. நிகழ்ச்சியினும் நிலைமையை அது சுட்டுகிறது. விண்ணப்பங்களில் வேண்டுகோளுக்கு முன்னே இச்சொல் வந்து அமர்வது இதனால்தான் போலும். எனவே என்பது சொல்லுதற்பொருளுடைய என் என்னும் வினையடியிலிருந்து பிறந்த என என்னும் எச்சத்தோடு ஏகாரம் சேர்ந்தது. அது நிகழ்ச்சியைச் சுட்டாமல், சொல்லப்பட்ட கூற்றைச் சுட்டுகிறது. ஏனெனில் என்பது ஏன் என்று வினவினால் எனப் பொருள்படும் ஒரு சிறிய உரையாடலே.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. கீழ்வரும் இரு தொடரிணைகளைக் காண்க.

நேற்று மாலை மழை பெய்தது. ______ வெயிலில் காயவைத்த சரக்கு நனைந்துவிட்டது.

ஆள்களை ஏற்றிச்செல்லும் வேன் இன்று ஊருக்குள் வரவில்லை. ______ ஆலைக்கு விடுமுறை.

முதல் இணையில் மழையே சரக்கை நனைத்தது; அதனால் இயல்பாகப் பொருந்துகிறது. இரண்டாம் இணையில் வேன் வராமை விடுமுறைக்குக் காரணம் அன்று. விடுமுறையே வேன் வராமைக்குக் காரணம். வேன் வராத செய்தியைக் கொண்டு விடுமுறை ஊகித்து அறியப்படுகிறது. இங்கு எனவே பொருந்தும். அதனால் என்று எழுதினால் காரணமும் சான்றும் தலைமாறிவிடும். முதல் இணையின் வெற்றிடத்தில் எனவே வருவதை இன்றைய வழக்கு மறுப்பதில்லை என்பதும் உண்மையே. பேச்சு வழக்கில் அதனால் ஊகப்பொருளிலும் வழங்குகிறது. வழக்கு இவ்வாறு நெகிழ்ந்திருக்கும்போது, மூன்று விளைவுச் சொற்களையும் ஒரே வினாவின் விடைக்கூற்றுகளாக வைப்பது தேர்வரைச் சோதிப்பதாகாது. அது வினா அமைத்தவரின் மனத்தை ஊகிக்கச் சொல்வதாகிவிடும்.

பயிற்சியில் கைக்கொள்ளத்தக்க எளிய சோதனை ஒன்று உண்டு. இரு தொடர்களையும் ஒரே தொடராக்க முயல வேண்டும். மழை பெய்ததால் சரக்கு நனைந்தது எனத் தடையின்றி இணைந்தால் உறவு நிகழ்ச்சிக் காரணம். வேன் வராததிலிருந்து விடுமுறை என்று தெரிகிறது என இணைக்க நேர்ந்தால் உறவு ஊகம். வெற்றிடத்தைப் பார்ப்பதற்கு முன்பே இதனைச் செய்துவிட்டால், விடைக்கூற்றுகள் மாணவரை ஈர்த்து இழுக்கும் வலிமையை இழந்துவிடும்.

இலக்கண மரபில் இயைபு

தனித்து நிற்கும் இணைப்புச் சொற்களை ஏன் இவ்வளவு முயன்று கற்க வேண்டியிருக்கிறது என்னும் வினா எழலாம். தமிழில் இணைப்பின் பெரும்பகுதி சொல்லுக்குள்ளேயே நிகழ்ந்துவிடுவதே அதற்கு விடை. வினையெச்சங்களும் வேற்றுமை உருபுகளும் இடைச்சொற்களும் தொடரைத் தொடுத்துச் செல்கின்றன. தொல்காப்பிய இடையியல் உம்மைக்கு எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம் என எட்டுப் பொருள் கூறுகிறது. அவற்றுள் எச்ச உம்மை இன்றைய தேர்வருக்கு நேரடியாகப் பயன்படுவது. தீப்பெட்டித் தொழிலுக்கு வறண்ட காற்று துணைபுரிந்தது என்பதை அடுத்து, பட்டாசுத் தொழிலுக்கும் அக்காற்றே துணைபுரிந்தது என ஒரு தொடர் வந்தால், தொழிலுக்கும் என்பதிலுள்ள உம்மை முன்னே சென்றதைத் தழுவி நிற்கிறது. அங்கே அதுபோல என்னும் சொல்லை வெற்றிடம் தானே கேட்கிறது. இரண்டாம் தொடரின் பெயரில் உம்மை இருக்கிறதா என்று பார்ப்பது, ஐந்து சொற்களின் பொருளை உருப்போடுவதைவிட விரைவில் விடைதரும்.

உரையாசிரியர்கள் இயைபைத் தனிக் கடமையாகவே கொண்டனர். திருக்குறளின் ஓர் அதிகாரம் மற்றோர் அதிகாரத்தின் பின் ஏன் வைக்கப்பட்டது என்பதைப் பரிமேலழகர் அதிகாரந்தோறும் விளக்கிச் செல்கிறார். ஒரு கருத்தைக் கூறி, என்னை என்று தாமே வினவி, ஆகலின் என்று முடிக்கும் முறை உரைநூல்களில் பரவலாகக் காணப்படுகிறது. அவ்வினாவிடையின் சுருங்கிய எச்சமே இன்றைய ஏனெனில் எனக் கொள்ள இடமுண்டு. தொடருக்குத் தொடர் முற்றுப்புள்ளி இட்டு எழுதும் இக்கால உரைநடையில் எச்சங்களின் பணியைத் தனிச் சொற்கள் ஏற்றுள்ளன. இலக்கண வகுப்பில் எச்ச உம்மையைக் கற்ற மாணவர், மொழித்திறன் வகுப்பில் அதுபோல என்பதைக் காணும்போது இரண்டும் ஒன்றே என்று அறிவதில்லை. பாடங்கள் அவ்வாறு பிரிக்கப்பட்டிருப்பதே அதற்குக் காரணம்.

குறிப்பும் நோக்கமும்

தொகுதி 1, தொகுதி 2 முதன்மைத் தேர்வுகளின் தமிழ்த் தகுதித் தாளில், மொழிபெயர்ப்பு, சுருக்கி வரைதல் முதலியவற்றோடு சுருக்கக் குறிப்பிலிருந்து விரிவாக்கம் செய்தல் என்னும் பகுதி வகுக்கப்பட்டது. இதனை ஒத்த வினாவகை அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்குரிய எஸ்.ஏ.டி. தேர்விலும் உண்டு. 2023இல் அந்நாட்டிற்கு வெளியிலும் 2024இல் உள்நாட்டிலும் கணினிவழிக்கு மாறிய அத்தேர்வில், ஒரு மாணவர் எடுத்த குறிப்புகள் சில வரிகளாகத் தரப்படும். அவற்றைக்கொண்டு அவர் எய்த விரும்பும் நோக்கமும் வெளிப்படையாகக் கூறப்படும். அந்நோக்கத்தை நிறைவேற்றும் தொடரை நான்கனுள் தேர்ந்தெடுக்க வேண்டும். இணைப்புச் சொல் வினாவும் அதே பகுதியிலேயே வைக்கப்பட்டுள்ளது. இரண்டையும் ஒரே திறனின் இரு முகங்களாகக் கருதிய இவ்வமைப்பு கவனத்திற்குரியது.

அவ்வினாவின் நுட்பம் தவறான விடைகளில் இருக்கிறது. அவை பொய்யான செய்திகள் அல்ல. குறிப்பில் உள்ள உண்மைகளே. நோக்கத்திற்கு உதவாமையே அவற்றின் குறை. சிவகாசியைப் பற்றிய பின்வரும் குறிப்புகளைக் கொள்வோம்.

1. சிவகாசி மழை குறைந்த, வறண்ட நிலப்பகுதி.
2. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர்.
3. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய மூன்றும் அவ்வூரின் முதன்மைத் தொழில்கள்.
4. குழந்தைத் தொழிலாளர் குறித்த வழக்கில் 1996 திசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், விதிமீறும் வேலையளிப்போர் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது.
5. 2018 அக்டோபர் 23 அன்று அந்நீதிமன்றம் சரவெடிகளையும் பேரியம் உப்புகளையும் தடைசெய்து, தீபாவளியன்று பட்டாசு வெடிக்க இரவு 8 முதல் 10 மணிவரை நேரம் வகுத்தது.

சிவகாசியில் இத்தொழில் வேரூன்றியமைக்குக் காரணம் கூறுவது நோக்கமாயின் 1, 2 ஆகியவை போதும். நிலம் வறண்டது; எனவே உழவை மட்டும் நம்ப இயலவில்லை; அச்சூழலில் வெளியூரில் கற்ற தொழில் நிலைபெற்றது எனத் தொடர் அமையும். சட்டம் தொழிலை எவ்வாறு மாற்றியது என்பது நோக்கமாயின் 4, 5 ஆகியவை இணையும். முதல் தீர்ப்பு தொழில் செய்வோரைப் பற்றியது. பின்னது செய்யப்படும் பொருளைப் பற்றியது. ஆகவே இவ்விரண்டையும் அதுபோல என்று இணைப்பது மேலோட்டமானது. முன்னது, பின்னது எனப் பிரித்து நிறுத்துவதே தெளிவு. மூன்றாம் குறிப்பு இரு நோக்கங்களுக்கும் முன்னுரையாகலாம், எதற்கும் விடையாகாது.

சிவகாசி மாணவருக்கு இப்பயிற்சியில் ஒரு தனி இடர் உண்டு. ஐந்து குறிப்புகளும் அவர் அறிந்தவை. அறிந்த உண்மை கண்ணில் பட்டவுடன் கை அதன்மேல் செல்கிறது. கன்னியாகுமரி மீன்பிடித் தொழில் பற்றிய குறிப்புகளைத் தந்தால் அவரே நோக்கத்தை நிதானமாகத் தேடுவார். எனவே அறிமுகமான செய்தியையும் அறிமுகமற்ற செய்தியையும் மாற்றி மாற்றித் தருவது தக்கது. இங்கு வினாத்தாளுக்கும் ஒரு சொல் உரியது. விரிவாக்கம் செய்க என்று மட்டும் பணிக்கும் வினா, எதற்காக, யாருக்காக விரிப்பது என்று கூறாதபோது, தரப்பட்ட அனைத்தையும் வரிசையாக எழுதிமுடிப்பதே பாதுகாப்பு என்னும் பழக்கத்தை வளர்க்கிறது.

விபத்துச் செய்தியும் இணைப்பும்

முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்றும், சாத்தூர் அருகே அச்சன்குளத்தில் 2021 பிப்ரவரி 12 அன்றும் நிகழ்ந்த வெடிவிபத்துகளை இவ்வட்டாரம் மறக்கவில்லை. அத்தகைய செய்திகளை வாசித்து வளர்ந்த மாணவருக்கு இணைப்புச் சொல்லின் எடையை உணர்த்துவது கடினமன்று. எந்தக் குறிப்பிட்ட விபத்தையும் சாராமல் பயிற்சிக்கென அமைக்கப்பட்ட மூன்று கூற்றுகள் இவை: மருந்து செலுத்துகையில் உராய்வு ஏற்பட்டது, அறையில் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையினும் மிகுதியான தொழிலாளர் இருந்தனர், பலர் உயிரிழந்தனர்.

உராய்வு ஏற்பட்டது, அதனால் பலர் உயிரிழந்தனர் என்று எழுதினால் பொறுப்பு மருந்து செலுத்திய கையின்மேல் விழுகிறது, அந்தக் கைக்குரியவர் பெரும்பாலும் மறுமொழி கூற உயிரோடு இருப்பதில்லை. உராய்வு ஏற்பட்டபோது அறையில் வரம்பை மீறி ஆள்கள் இருந்தனர். அதனால் உயிரிழப்பு மிகுந்தது என்று எழுதினால் பொறுப்பு அவர்களை அங்கே அமர்த்தியவரை நோக்கித் திரும்புகிறது. செய்திகளில் ஒன்றும் மாறவில்லை. அதனால் என்னும் சொல் எக்கூற்றின்பின் நின்றது என்பதே மாறியது. உராய்வு ஏற்பட்டது; மேலும் ஆள்கள் மிகுதியாக இருந்தனர் என எழுதுவோரும் உண்டு. மேலும் என்பது காரணத்தை அடுக்குமேயன்றி, எது எதனை விளைவித்தது என்று சொல்லாது.

தொகுதி 4 தேர்வில் வெல்வோருள் ஒரு பகுதியினர் கிராம நிர்வாக அலுவலர்களாகின்றனர். பட்டாசு ஆலை விபத்துகளில் காவல் நிலையத்திற்கு முதற்புகார் அளிப்பவராக அவ்வலுவலர் அமைவது செய்தித்தாள் வாசிப்போர் அறிந்ததே. வகுப்பறையில் வெற்றிடம் நிரப்பிய அதே மாணவர் சில ஆண்டுகளில் அப்புகாரை எழுதும் இடத்தில் இருக்கக்கூடும். மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டு மையங்களின் தன்னார்வப் பயிலும் வட்டங்களிலும் கல்லூரித் தமிழ்த் துறைகளிலும் இப்பயிற்சியை மேற்கொள்வோர், மேற்காட்டிய மூன்று கூற்றுகளை இரு குழுவினருக்கு இரு நோக்கங்களுடன் தரலாம். ஒரு குழு விபத்து எவ்வாறு தொடங்கியது என்று எழுதட்டும். மற்றொன்று உயிரிழப்பு ஏன் மிகுந்தது என்று எழுதட்டும். பின்னர்த் தாள்களை மாற்றிக்கொண்டு, எதிர்க்குழு எழுதியவற்றில் இணைப்புச் சொற்களை மட்டும் அடிக்கோடிட்டு, அவை ஒவ்வொன்றும் எந்தக் கூற்றைச் சுட்டுகின்றன என்று ஓரத்தில் குறிக்கச் செய்யலாம். சுட்டப்படும் கூற்று தாளில் இல்லாத இடங்களும் அப்போது வெளிப்படும்.