மரப்பட்டையும் மரத்தூளும்: மேலே பரப்புக, உள்ளே கொத்தற்க

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமச் செம்மண் தோட்டங்களில் சிறுபோகப் பயிர் கிணற்றை நம்பியே நிற்கின்றது. சோளகக் காற்று வீசத் தொடங்கியபின், காலையில் இறைத்த பாத்தி மறுநாளே வெளிறிப் பொருக்குக் கட்டுவதைக் கமக்காரர் அறிவர். இறைத்த நீர் முழுவதும் மிளகாய்க்கோ கத்தரிக்கோ சேர்வதில்லை. ஒரு பகுதி மண்ணின் மேற்புறத்திலிருந்து ஆவியாகின்றது. மற்றொரு பகுதி வேருக்குக் கீழே வடிந்துவிடுகின்றது. இவ்விழப்பை ஈடுசெய்ய மேலும் மேலும் இறைப்பதால் இரு கேடுகள் விளைகின்றன. பயிருக்கு இட்ட யூரியா கரைந்து, சுண்ணக்கற் பிளவுகளின் வழியாகக் குடிநீர்க் கிணற்றையே அடைகின்றது. அன்றியும், குடாநாட்டின் நன்னீர் அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்பதாகும். நன்னீர் மட்டம் ஓரடி தாழுமிடத்து, கீழேயுள்ள உவர்நீர் ஏறத்தாழ 40 அடி மேலெழ இடமுண்டு.

ஆதலால் இறைத்த நீரைப் பாத்தியிலேயே தங்கச் செய்தல் வேண்டும். இதற்கு எளிய வழி மண்ணை மூடி வைத்தலாகும். இவ்வாறு பரப்பும் மூடுபடையைப் பத்திரக்கலவை என்பர். பத்திரம் என்பது இலையையே குறிக்குமாயினும், வைக்கோல், பனையோலை, தும்புத்தூள், மரப்பட்டை ஆகிய யாவும் இப்பெயரால் வழங்கும். மூடிய மண்ணில் வெயில் நேரே படுவதில்லை. காற்று ஈரத்தை உறிஞ்சுவதில்லை. களை முளைப்பதும் குறைகின்றது. மாரி மழைத்துளி செம்மண்ணை அடித்து இறுக்குவதையும் இப்படை தடுக்கின்றது.

மரக்காலைகளில் பட்டையும் மரத்தூளும் குவிந்து கிடப்பதால் அவற்றைத் தோட்டத்துக்குக் கொண்டுவரும் வழக்கம் உண்டு. இது நல்லதே. ஆனால் தழையைத் தாழ்ப்பதுபோல இவற்றையும் மண்ணுள் தாழ்ப்பது பெருந்தவறாகும். பூவரசங்குழையும் சீமைக்கிளுவைக் குழையும் பாத்தியிற் புதைத்துப் பழகிய கைக்கு, மரத்தூளையும் கொத்திக் கலக்கத் தோன்றுவது இயல்பே. விளைவு மட்டும் நேர்மாறாக அமைகின்றது.

காரணம் பின்வருமாறு. மண்ணில் வாழும் பற்றீரியா, பங்கசு முதலிய நுண்ணுயிர்கள் மக்கும் பொருளிலுள்ள காபனை உண்டு பெருகுகின்றன. உடலை ஆக்கிக்கொள்ள அவற்றுக்கு நைதரசனும் வேண்டும். சீமைக்கிளுவை இலையில் நைதரசன் ஒரு பங்காயின் காபன் ஏறத்தாழ 15 பங்கே. நுண்ணுயிர்களின் தேவைக்கு மேற்பட்ட நைதரசன் அதில் இருப்பதால் எஞ்சியது பயிருக்குக் கிடைக்கின்றது. வைக்கோலிற் காபன் 60 முதல் 80 பங்கு. மரத்தூளிலோ 200 பங்குக்கும் மேல். மரத்தூள் மண்ணுள் புகுந்தால் நுண்ணுயிர்கள் தமக்குப் போதாத நைதரசனைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. கமக்காரர் விலைகொடுத்து வாங்கி இட்ட யூரியாவும் அவற்றுக்கே இரையாகின்றது. அந்நைதரசன் அழிந்துபோவதில்லை, நுண்ணுயிர்கள் மடிந்தபின் மீண்டும் மண்ணுக்கு வரும். ஆனால் அதற்குள் மிளகாய் பூக்கும் பருவம் கடந்துவிடும்.

மரத்தூளைக் கொத்திக் கலந்த பாத்தியில் முதலில் அடியிலைகள் மஞ்சளாகும். பின்னர் செடி முழுவதும் வெளிறி வளர்ச்சி குன்றும். இதனை இலைச்சுருள் நோயெனக் கருதி மருந்து தெளிப்பது வீண் செலவு. இலைச்சுருள் கொழுந்தில் தோன்றுவது. நைதரசன் குறைவு முதிர்ந்த இலையில் தொடங்குவது. இவ்வேற்றுமையைக் கண்டறிந்தால் போதும். ஏற்கெனவே கலந்துவிட்டவர்கள் உலர்ந்த மரத்தூள் 100 கிலோவுக்கு ஏறத்தாழ 1 கிலோ நைதரசன் வீதம், அதாவது யூரியா 2 கிலோவுக்குச் சற்று மேலாக, பயிருக்குரிய அளவுக்குப் புறம்பாக இடவேண்டியிருக்கும். அதனை ஒரே தடவையில் இடாது பிரித்து இடுக.

தென்னைக்குப் பொச்சு புதைக்கின்றோமே, அதனால் தீங்கு வரவில்லையே எனக் கமக்காரர் வினவக்கூடும். நியாயமான வினாவே. பொச்சு பெரிய துண்டமாதலால் அதன் வெளிப்பரப்பு மட்டுமே சிறிது சிறிதாக மக்குகின்றது. தூளோ எப்பக்கமும் திறந்து கிடப்பது. இதே காரணத்தால், மூடுபடைக்கும் தூளைவிடப் பெருவிரல் அளவான பட்டைத் துண்டுகளே சிறந்தவை. மண்ணின்மேல் கிடக்கும் பட்டை மண்ணைத் தொடும் மெல்லிய ஓரத்தில் மட்டுமே நைதரசனைப் பற்றும்; கீழேயுள்ள வேரை அது பாதிப்பதில்லை.

எனினும் பட்டையை எல்லாப் பயிர்க்கும் இடுதல் இயலாது. ஒரு பரப்புக் காணியை 2 அங்குலக் கனத்தில் மூட ஏறத்தாழ 450 கன அடி வேண்டும். மணல் அளக்கும் கணக்கிற் கூறின் நாலரைக் கியூப். வாய்க்காலையும் வரம்பையும் கழித்தாலும் இது சிறு அளவன்று. மேலும் வெங்காயம் போன்ற குறுகிய காலப் பயிரில் அறுவடையின்போது பட்டை மண்ணோடு கலந்துவிடும். ஆதலால் மிளகாய், கத்தரி, தக்காளிக்கு வைக்கோலையோ காய்ந்த குழையையோ இட்டு, பட்டையை எலுமிச்சை, வாழை, முருங்கை ஆகியவற்றின் அடிக்கும், முற்றத்து மல்லிகை, ரோசாப் பாத்திகளுக்கும் ஒதுக்குதல் தகும். பூம்பாத்தியை அடிக்கடி கொத்த வேண்டியதில்லை. எனவே பட்டை அங்கே நெடுநாள் நிற்கும்.

இடுமுன் களையைப் பிடுங்கி, பாத்தியை நன்றாக நனைத்துக்கொள்க. காய்ந்த மண்ணை மூடினால் வறட்சியையே மூடியதாகும். கனம் 2 முதல் 3 அங்குலம் போதும். தண்டைச் சுற்றி 3 அங்குலம் வெறுமையாக விடுக. இல்லையேல் அடித்தண்டு அழுகும், கறையானும் ஏறும். பட்டையை முதலிலேயே நீர் தெளித்து ஊறவைத்தல் நன்று. காய்ந்த பட்டை இறைப்பு நீரில் மிதந்து பாத்தியின் கடைமடையில் ஒதுங்கிவிடும். நீரையும் மெதுவாகவே பாய்ச்சுதல் வேண்டும். மரத்தூள் மட்டுமே கிடைக்குமாயின் அதனை ஓரங்குலத்துக்கு மேல் இடலாகாது. தடித்த தூட்படை பொருக்குக் கட்டி நீரை உள்ளே விடாது. புளித்த மணம் வீசும் ஈரக் குவியலைப் பரப்பிக் காற்றாடவிட்டபின்னரே செடியருகே கொண்டுசெல்க. ஒட்டுப்பலகைத் தூளும், மருந்தூட்டிய மரத்தின் தூளும் தோட்டத்துக்கு ஆகா. மாரியில் ஈரமான படையின் அடியில் ஆபிரிக்க நத்தைகள் தங்குவதால், மாலையில் புரட்டிப் பார்த்துப் பொறுக்கி அழிக்க வேண்டும். அவற்றை வெறுங்கையால் தொடாதிருத்தல் நன்று. நாற்றுமேடையிற் பட்டையை இடவே கூடாது.

பாத்தியை மாற்றி வேறு பயிர் நடும்போது எஞ்சிய பட்டையை வாரியால் வழித்து ஒதுக்கிய பின்னரே மண்வெட்டி பிடிக்க வேண்டும். வழித்ததைச் சாணத்துடனும் சீமைக்கிளுவைக் குழையுடனும் அடுக்கடுக்காகக் குவித்து, ஈரம் காயாது காத்து, இடையிடையே புரட்டி வருக. பட்டையின் உருவம் தெரியாது கறுத்து நொறுங்கிய பின்னர் அதனை எப்பாத்தியிலும் கொத்திக் கலக்கலாம்.