உறவுக்குள் விவாகம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில், திண்டிவனத்தில் வைத்தியத் தொண்டு செய்துவந்த அமெரிக்கப் பாதிரியார் ஒருவரின் இல்லத்துக் கதவை ஒரே இரவில் மூன்று ஆடவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து தட்டினார்கள். பிரசவ வேதனையில் துடிக்கும் மனைவியைப் பார்க்க ஒரு பெண் வரவேண்டும் என்பதே மூவரின் பிரார்த்தனையும். அந்நிய ஆடவர் தம் மனைவியரைப் பார்க்கலாகாது என்று டாக்டரை அவர்கள் மறுத்துவிட, வைத்தியம் பயிலாத அவர் மகள் ஐடா ஸ்கடர் செய்வதறியாது நிற்க, பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்தத் துயரத்தால் மருத்துவம் கற்கத் துணிந்த ஐடா, 1900-இல் வேலூரில் தொடங்கிய ஒற்றைக் கட்டில் மருந்தகமே பிற்காலத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. அதே கல்லூரியைச் சேர்ந்த சுந்தர் ராவும் இன்பராஜும் 1970-களில் வட ஆற்காட்டில் வீடுவீடாகக் கணக்கெடுத்து ஆராய்ந்த பொருள், விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் குடும்பங்களிலும் பெண்ணுக்கு வயது வந்தவுடன் எழுகிற கேள்விதான்: சொந்தத்தில் கொடுப்பதா, அசலில் கொடுப்பதா?

அவர்கள் பார்த்த கிராமங்களில் நூற்றுக்கு 47 விவாகங்களும், நகரத்தில் 29 விவாகங்களும் இரத்த உறவுக்குள் நடந்தவை. ஆயினும் கருவளத்திலும் பிறவிக் குறைகளிலும் உறவில் மணந்தவர்களுக்கும் மணவாதவர்களுக்கும் அவர்கள் பெரிய வேற்றுமையைக் காணவில்லை. நூற்றாண்டுகளாக இவ்வழக்கம் நிலவிய தேசத்தில் தீய மரபணுக்கள் தலைமுறை தோறும் வெளிப்பட்டு உதிர்ந்து, வம்சம் ஓரளவு சுத்தியடைந்திருக்கலாம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட ஒரு சமாதானம். திண்டிவனத்து எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தைச் சுற்றி மணிலாக் கடலை பயிரிடுகிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் அந்தச் செடியில் குறை மறைந்து நிற்பதில்லை, வெளிப்பட்டதும் வித்துக்கு ஆகாதென்று கழித்துவிடுகிறார்கள். ஆனால் மனித வம்சத்தில் அப்படிக் கழிந்தது ஒவ்வொன்றும் ஒரு தாய் சுமந்து பெற்ற குழந்தையல்லவா! ஆகையால் இந்தச் சமாதானத்தை எவரேனும் ஆறுதலாகச் சொல்லும்போது என் மனம் ஒப்புவதில்லை.

மரபியல் சாஸ்திரம் சொல்வது சிக்கலானதன்று. நம் ஒவ்வொருவரிடமும் ஒன்றிரண்டு பழுதுபட்ட மரபணுக்களாவது உறங்கிக்கிடக்கின்றன. துணையான மற்றொரு பிரதி நன்றாயிருப்பதால் நமக்குத் தீங்கில்லை. கணவன், மனைவி இருவரிடமும் ஒரே பழுது இருந்துவிட்டால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு அபாயம். அத்தை மகளும் மாமன் மகனும் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கையும், தாய்மாமனும் அக்காள் மகளும் நாலில் ஒரு பங்கையும் பொதுவாகக் கொண்டிருப்பதால், அப்பழுது இருவரிடமும் சந்திக்கும் வாய்ப்பு அசலாரைவிட அவர்களுக்கு அதிகம். அவ்வாறு சந்திப்பதிலிருந்தே பிறவியிலேயே காது கேளாமை, பார்வை மங்கும் விழித்திரை நோய், தசை நலிவு, வளர்சிதை மாற்றக் கோளாறுகள் ஆகியவற்றில் பல பிறக்கின்றன. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் பாகிஸ்தானிய வம்சாவளியினரிடையே நடந்து 2013-இல் வெளியான ஆராய்ச்சி, பிறவிக் குறையின் அபாயம் நூற்றுக்கு 3 என்பது உறவு மணத்தில் 6 ஆவதாகக் கண்டது. இரட்டிப்பு என்று கேட்டால் அச்சமாகத்தான் இருக்கும். நூற்றில் 94 குழந்தைகளுக்கு அத்தகைய குறையில்லை என்பதும் அதே கணக்குதான். இரண்டையும் சேர்த்துச் சொல்லாதவர் பெற்றோரை ஏமாற்றுகிறார்.

தேசத்துக்குத் தேசம் முறை வேறு. அரபு நாடுகளில் சித்தப்பா மகளை மணப்பது சிலாக்கியம். நமக்கோ அவள் தங்கை, நினைப்பதே பாவம். வட இந்திய இந்துக்கள் பெரும்பாலோர் மாமன் மகளையும் சகோதரியாகவே கருதுகிறார்கள். சீனம் 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இத்தகைய மணத்தைத் தடுத்தது. 1955-ஆம் ஆண்டு இந்து விவாகச் சட்டமும் தாய்மாமன், அக்காள் மகள் மணத்தைத் தடுத்துவிட்டு, குல வழக்கம் இருக்குமிடத்தில் அனுமதித்துவிட்டது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியா முழுவதிலும் நூற்றுக்கு 11 ஆக உள்ள உறவு மணம் தமிழ்நாட்டில் 28.

ஏன் இவ்வளவு? அறியாமை என்று நகரத்தார் சொல்லிவிடுவது அநியாயம். காணி நிலமும் கடனும் உள்ள குடியானவனுக்கு, தங்கை வீட்டில் பெண்ணைக் கொடுத்தால் நகையும் வண்டியும் கேட்டு நிற்பாரில்லை. பெண்ணுக்கு மாமியார் அத்தையாகவே இருப்பாள். பங்கும் பாத்தியதையும் வெளியே போகா. மடியில் உட்காரவைத்துக் காது குத்திய தாய்மாமனுக்கு உரிமை என்ற ஒன்றும் உண்டு. ஆனால் அந்த உரிமை பெண்ணின் விருப்பத்தைக் கேட்பதில்லை என்பதே எனக்குப் பெருங்குறையாகத் தோன்றுகிறது. தொட்டிலிலேயே "இவள் உனக்குத்தான்" என்று நிச்சயிக்கப்பட்டவள், பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவனை மறுத்தால் இரண்டு வீடுகளும் பகையாகும். மணந்தபின் பிணக்கு வந்தால் போய் நிற்கப் பிறந்த வீடும் நடுநிலையான வீடாக இராது. குறையுள்ள குழந்தை பிறந்தாலோ, பழுது இருவர் வழியாகவும் வந்தது என்பதை மறந்து பழியெல்லாம் அவள் மேல் விழும்.

இப்போது வீட்டுக்கு ஒன்றிரண்டு பிள்ளைகளே இருப்பதால் முறைமாமனும் முறைப்பெண்ணும் அருகி வருகிறார்கள். ஆயினும் உறவைத் தவிர்த்ததாலேயே அபாயம் முற்றும் நீங்கிவிடாது. சிறிய ஜாதிக்குள்ளேயே பல தலைமுறையாக மணந்துவந்தவர்கள், தாம் அறியாத பொது மூதாதையரின் பழுதைச் சுமந்திருக்கக் கூடும். இருவருக்கும் ஒரே இரத்த குரூப்பா என்று பார்த்துத் திருப்தியடைகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்: அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விசாரிக்க வேண்டியது, இரு வீட்டிலும் சிசுவாகவே இறந்தவர், காது கேளாதவர், வலிப்பு வந்தவர், நடை தளர்ந்தவர் உண்டா என்பதையே; உண்டானால் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே மரபியல் ஆலோசனை பெறவேண்டும். ஏற்கெனவே உறவில் மணந்தவர்கள், கருவுற்ற ஐந்தாம் மாதத்து ஸ்கேனையும், பிறந்த குழந்தையின் செவிப் பரிசோதனையையும் தள்ளிப்போடலாகாது. காது கேளாத குழந்தைக்கு ஆறு வயதுக்குள் செய்யவேண்டிய காக்ளியர் அறுவைச் சிகிச்சை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலேயே அடங்கும்.