ஒரு பிளேடு எத்தனை நாள் உழைக்கும்?

ஐந்து பிளேடுகள் அடுக்கிய ஒரு கேட்ரிட்ஜின் விலையில் நல்ல ஓட்டலில் ஒரு வேளைச் சாப்பாட்டை முடித்துவிடலாம். அவ்வளவு கொடுத்து வாங்கியது இரண்டாம் வாரமே முடியைப் பிடித்து இழுத்தால் யாருக்கும் வயிறு எரியும். தயாரித்தவர்கள் தரத்தைக் குறைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் பெரும்பாலான வீடுகளில் பிளேடைக் கெடுப்பவை வேறு இரண்டு: சவரத்துக்கு முன் நாம் காட்டும் அவசரம், சவரம் முடிந்ததும் ரேசரை ஈரத்தோடு வீசிவிட்டுப் போகும் பழக்கம்.

பிளேடு எஃகோடு ஒப்பிட்டால் முடி சுமார் 50 மடங்கு மென்மையானது. அப்படிப்பட்ட முடி எஃகை எப்படி மழுங்கடிக்கிறது? அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜியான்லூக்கா ரோசியோலி என்ற ஆய்வு மாணவர் யூஸ் அண்ட் த்ரோ ரேசரால் தன் தாடியையே மழித்து, ஒவ்வொரு முறையும் அந்த பிளேடை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். 2020 ஆகஸ்டில் அவரது குழுவின் ஆய்வு ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. விளிம்பு மெல்லத் தேய்ந்து உருண்டிருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். அங்கே தெரிந்ததோ, விளிம்பிலிருந்து சில்லுச் சில்லாக எஃகு பெயர்ந்திருந்த காட்சி. முடி நேராக நின்று அறுபட்டபோது சில்லு பெயரவில்லை. முடி வளைந்து சாய்ந்து விளிம்பைப் பக்கவாட்டில் நெம்பியபோது, எஃகின் உள்ளமைப்பு ஒரே சீராக இல்லாத இடங்களில் பெயர்ந்தது. ஒரு சில்லு விழுந்துவிட்டால் அதன் ஓரம் பலவீனமாகி, அடுத்தடுத்துப் பெயர வழி பிறக்கிறது.

பெயர்ந்த எஃகை வீட்டில் யாராலும் ஒட்டவைக்க முடியாது. பிளேடின் ஆயுளைக் கூட்ட நம் கையில் இருப்பது, சில்லு பெயர்வதைத் தள்ளிப்போடுவதுதான். அதற்கு முடியின் விறைப்பைக் குறைக்க வேண்டும்.

காய்ந்த தாடி முடி விறைப்பானது. தண்ணீரை நன்றாக உறிஞ்சிக்கொண்டால் இளகிவிடும். அதை அறுக்கத் தேவைப்படும் விசையும் வெகுவாகக் குறையும். இதற்கு இரண்டு மூன்று நிமிடங்கள் போதும், ஆனால் அந்த இரண்டு மூன்று நிமிடங்கள் கட்டாயம் வேண்டும். முகத்தில் ஒரு கை தண்ணீரை அடித்து, உடனே கிரீமைத் தேய்த்து, ரேசரை எடுத்துவிட்டால் முடிக்குள் ஈரம் இறங்கியிருக்காது. குளித்த பிறகு சவரம் செய்வது மிக நல்லது. நம் வீடுகளில் சவரம் செய்தால் அதன்பின் தலைமுழுக வேண்டும் என்ற வழக்கம் இருக்கிறது. அதை மாற்றப் பிரியப்படாதவர்கள் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை இரண்டு நிமிடம் தாடியில் வைத்திருக்கலாம். சோப்பு எதற்கென்றால், முடிமேல் படிந்திருக்கும் எண்ணெய்ப் பசை தண்ணீரை உள்ளே விடாது. நுரையின் வேலை அந்த ஈரத்தைப் பிடித்துவைப்பதும் பிளேடு வழுக்கிக்கொண்டு போக உதவுவதும். பாதியில் நுரை காய்ந்துவிட்டால், கையை நனைத்து மறுபடி தடவிக்கொள்ளுங்கள்.

ஒரு வாரத் தாடியை நேராக கேட்ரிட்ஜால் மழிக்கக் கூடாது. நீண்ட முடி வளையும், பிளேடுகளுக்கு இடையே சிக்கும், அடைக்கும். முதலில் டிரிம்மரோ கத்தரிக்கோலோ கொண்டு ஒட்ட வெட்டிவிடுங்கள். ரேசரை அழுத்தவும் வேண்டாம். அழுத்தித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்திருந்தால், அந்த பிளேடின் காலம் முடிந்துவிட்டது என்று பொருள்.

நடுநடுவே கழுவும்போது ரேசரை வாஷ்பேசின் விளிம்பில் டொக் டொக்கென்று தட்டுவது பலருக்குக் கைவந்த பழக்கம். விளிம்பு அதில் பட்டால் போச்சு. குழாய்த் தண்ணீரை பின்பக்கத்திலிருந்து பாய்ச்சினால் முடியும் நுரையும் முன்பக்கமாக வெளியேறிவிடும். குவளைத் தண்ணீரில் சவரம் செய்பவர்களுக்கு நெருக்கமாக அடுக்கிய ஐந்து பிளேடுகள் ஒத்துவராது. எவ்வளவு அலசினாலும் இடுக்கில் முடி நிற்கும். ஜில்லெட் 2010-இல் ‘கார்டு’ என்ற ஒற்றை பிளேடு ரேசரை இந்தியாவுக்கென்றே உருவாக்கியதற்கு இதுவும் ஒரு காரணம். குழாய் வசதி இல்லாமல் குவளையை வைத்துக்கொண்டு சவரம் செய்பவர்கள் எளிதில் அலசும்படி அதை வடிவமைத்தார்கள். ரேசர் 15 ரூபாய்க்கும் மாற்று கேட்ரிட்ஜ் 5 ரூபாய்க்கும் வந்தன.

அடுத்தது ஈரம். பிளேடு எவர்சில்வர் வகை எஃகு என்பதால் துருப்பிடிக்காது என்று நம்பிவிடக் கூடாது. அதில் சுமார் 13 சதவீதம் குரோமியம் இருக்கிறது. அது மேற்பரப்பில் ஒரு மெல்லிய படலமாகி எஃகைக் காக்கிறது. உப்பு அந்தப் படலத்தை அரிக்கும். சென்னைக் கடற்கரையோரத்து உப்பு போர் தண்ணீரில் கழுவி, அப்படியே குளியலறையில் வைத்தால், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழும். தண்ணீர் காய்ந்தபின் தங்கும் உப்பும் சோப்பும் அங்கேயே படியும். தினமும் மழிப்பவருக்கு சில்லு பெயர்வதே பெரிய தொல்லை. வாரம் ஒருமுறை மழிப்பவருக்கு இந்த ஈரம்தான் எதிரி என்று நினைக்கிறேன். கடைசி அலசலை ஒரு டம்ளர் குடிநீரில் செய்யுங்கள். நன்றாக உதறி, உலர்ந்த துண்டில் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். குளியலறைக்கு வெளியே, காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் மூடியைப் போட்டால் அந்த ஈரம் உள்ளேயே நிற்கும்.

ஜீன்ஸ் துணியில் ரேசரைப் பின்னோக்கித் தேய்த்தால் கூர்மை திரும்பும் என்று சொல்கிறார்கள். விளிம்பில் ஒட்டிய அழுக்கு அதில் போகலாம். பெயர்ந்த சில்லு வராது. எவர்சில்வர் பிளேடுகள் வருவதற்கு முந்தைய காலத்தில் கண்ணாடி டம்ளரின் உட்புறத்தில் பிளேடைத் தேய்த்துக் கூராக்கினார்கள். அந்தச் சாதாரண எஃகுக்கு அது பொருந்தியிருக்கலாம். இன்றைய பிளேடின் விளிம்பில் கடினப் பூச்சும், அதன்மேல் நான்ஸ்டிக் தவாவில் இருக்கும் அதே டெஃப்லான் பூச்சும் இருக்கின்றன. தேய்க்கத் தேய்க்க அவைதான் போகும். செக்கோஸ்லோவாகியாவில் கரேல் டர்பால் என்பவர், அட்டைப் பிரமிடுக்குள் வைத்தால் பிளேடு கூர்மை இழக்காது என்று சொல்லி 1959-இல் காப்புரிமையே பெற்றார். பிரமிடு எஃகைக் கூராக்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

இத்தனை கவனித்தாலும் ஓர் எல்லை உண்டு. ஐந்து முதல் ஏழு சவரத்துக்குள் பிளேடை மாற்றிவிடச் சொல்கிறது அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமி. உங்கள் முடி மென்மையாக இருந்தால் சற்றுக் கூட வரலாம். கேட்ரிட்ஜின் மேல் இருக்கும் வண்ணப் பட்டை வெளுத்ததை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அது வழுக்கலுக்காக வைத்த பசை. விளிம்பின் கூர்மை அதற்குத் தெரியாது. ஒரே இடத்தில் மூன்று நான்கு முறை இழுக்க வேண்டியிருக்கிறதா, முடி அறுபடாமல் பிடுங்கப்படுகிறதா, கழுவியபின் எரிகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் மாற்றிவிடுங்கள். சிக்கனம் என்று ஒரே ரேசரை அப்பாவும் மகனும் பகிர்வது கூடவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளியிலும் ஹெபடைடிஸ் பி போன்ற கிருமிகள் பரவும்.

தூக்கிப் போடும் முறைக்கும் அக்கறை வேண்டும். குப்பைப் பையில் கிடக்கும் வெறும் பிளேடு, அதைக் கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் விரலைக் கிழிக்கும். கேட்ரிட்ஜைப் பழைய செய்தித்தாளில் நாலைந்து சுற்றுச் சுற்றி டேப் ஒட்டுங்கள். தனி பிளேடு உபயோகிப்பவர்கள் ஒரு தகர டப்பாவின் மூடியில் பிளேடு நுழையும் அளவுக்குக் கீறி, பழையவற்றை அதற்குள் போட்டு வரலாம். டப்பா நிரம்பியதும் கீறலை மூடி டேப் ஒட்டி, மேலே ‘பிளேடு’ என்று பெரிதாக எழுதி, மற்ற குப்பையோடு கலக்காமல் தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கையில் கொடுங்கள்.