போனால் போதுமா, திரும்பி வர வேண்டாமா?

விண்வெளி நிலையத்தில் ஒரு சிறு சுடரை ஏற்றினால் அது எப்படி எரியும் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? நம் வீட்டு மெழுகுவர்த்திச் சுடர் போல மேல்நோக்கிக் கூம்பி நிற்காது. நீல நிற உருண்டையாக இருக்கும். சூடான காற்று இலேசாகி மேலே செல்வதும், குளிர்ந்த காற்று அந்த இடத்தை நிரப்புவதும் எடை இருக்கும் இடத்தில்தான் நடக்கும்.

"அங்கே ஈர்ப்பு விசை இல்லையா சார்?" என்று ஆண்டுதோறும் யாராவது ஒரு மாணவர் கேட்பார். இருக்கிறது. 400 கிலோமீட்டர் உயரத்திலும் அது தரையில் உள்ளதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு. நிலையமும் அதிலுள்ள பொருள்களும் ஒன்றாகவே பூமியைச் சுற்றி விழுந்துகொண்டிருக்கின்றன. ஆகையால்தான் எடை தெரிவதில்லை.

விழுவதுதான் வேண்டுமென்றால் கோபுரம் போதாதா? ஜெர்மனியின் பிரெமன் நகரில் அப்படியொரு கோபுரம் இருக்கிறது. காற்று நீக்கிய குழாயில், சோதனைக் கருவியை 110 மீட்டர் விழ விடுகிறார்கள். எத்தனை விநாடி கிடைக்கும்? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள், ஐந்துகூட வராது. சுடரைப் படமெடுக்க அது போதும். புரதப் படிகம் வளர நாட்கணக்கில் ஆகுமே! ஆகவே 2008 பிப்ரவரியில் ஐரோப்பியர்கள் கொலம்பஸ் என்ற ஆய்வுக்கூடத்தை விண்வெளி நிலையத்தில் இணைத்தார்கள்.

சிக்கல் திரும்பி வருவதில் இருக்கிறது. வளர்ந்த படிகம், உருகி உறைந்த உலோகம், விண்வெளி வீரரின் இரத்த மாதிரி ஆகியவை பூமிக்கு வந்தால்தான் நுணுக்கமாக ஆராய முடியும். 2008 முதல் 2014 வரை ஐரோப்பா ஏவிய ஐந்து சரக்குக் கலங்கள் பொருள்களைக் கொண்டு சென்றன. ஆனால் திரும்பும்போது குப்பையோடு காற்றில் எரிந்து போயின.

ஏன் எரிகின்றன? சுற்றுப்பாதையில் வேகம் விநாடிக்கு 7.7 கிலோமீட்டர். ஒரு கிலோகிராம் பொருளின் இயக்க ஆற்றல் சுமார் 3 கோடி ஜூல். பதினோரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து முழுவதும் ஆவியாக்க இது போதும்! இவ்வளவும் இறங்கும் வழியில் வெப்பமாக மாறுகிறது. இதைத் தாங்கும் கவசம் உள்ள கலம் முழுதாக வந்து சேரும். முழுதாக வந்ததைத்தான் மறுபடி ஏவ முடியும்.

அமெரிக்காவின் ஸ்பேஸ் எக்ஸ் நிறுவனத்தின் டிராகன் அத்தகையது. 2012-ல் முதன்முதலாக நிலையத்தை அடைந்தது. 2021 ஏப்ரலில் பிரான்சின் தாமஸ் பெஸ்கே சென்ற டிராகன், முந்தைய ஆண்டு ஒருமுறை மனிதரை ஏற்றிச் சென்று திரும்பியதே. 2024 ஜனவரியில் ஆக்சியம் என்ற தனியார் நிறுவனத்தின் பயணத்தில் சுவீடனின் மார்கஸ் வாண்ட், கட்டணப் பேருந்தில் இடம் பிடிப்பதுபோல, சென்று ஆய்வுகள் செய்து வந்தார்.

டிராகன் பாராசூட்டில் கடலில் இறங்குகிறது. வரும் வழியில் உள்ளிருக்கும் பொருளின் எடை சுமார் நான்கு மடங்காகிறது. எடையே இல்லாமல் வளர்ந்த மெல்லிய படிகத்துக்கு இது பெரிய சோதனைதான். சியரா ஸ்பேஸ் நிறுவனத்தின் ட்ரீம் சேசர் என்ற இறக்கையுள்ள கலம் ஓடுபாதையில் இறங்கும்படி வடிவமைக்கப்பட்டது. அதில் எடை ஒன்றரை மடங்குக்கு மேல் போகாது என்பது கணக்கு.

இருந்தாலும் அடுத்தவர் வண்டி அடுத்தவர் வண்டிதான். 1992 ஜூலையில் ஐரோப்பா யூரேகா என்ற நாலரை டன் ஆய்வுக் கலத்தை அமெரிக்க விண்ணோடத்தில் அனுப்பியது. மறு ஆண்டு ஜூனில் வேறொரு விண்ணோடம் அதைப் பிடித்து வந்தது. ஐந்து முறை பறக்கக் கட்டியது. பறந்ததோ ஒரே முறை! இன்று சுவிட்சர்லாந்தின் லூசர்ன் நகர அருங்காட்சியகத்தில் காட்சிப் பொருளாகத் தொங்குகிறது. நல்ல கருவி ஒன்று இப்படி ஓய்வு பெற்றதில் எனக்கு வருத்தமுண்டு.

இதனால்தான் ஐரோப்பியர்கள் ஸ்பேஸ் ரைடர் என்ற சொந்தக் கலத்துக்கும் திட்டமிட்டார்கள். அதன் முன்னோடியை 2015 பிப்ரவரி 11-ல் ஏவினார்கள். அது 400 கிலோமீட்டருக்கு மேல் ஏறி, ஏறத்தாழ நூறு நிமிடத்தில் பசிபிக் கடலில் பத்திரமாக இறங்கியது. ஸ்பேஸ் ரைடரில் மனிதர் எவரும் இருக்க மாட்டார்கள். இரண்டு மாதம் சுற்றிவிட்டு, பெரிய பட்டம் போன்ற பாராசூட்டின் உதவியால் சறுக்கிவந்து ஓடுபாதையில் அமர வேண்டும் என்பது திட்டம்.