கொசு தந்த புகழ். கூட்டம் வராத வீடு

மலேரியாவின் ரகசியம் உடைந்த பேகம்பேட் பங்களா, பார்வையாளர்களைத் தேட வேண்டிய நேரம் இது

ஹைதராபாத் பேகம்பேட் விமான நிலையத்தில் 2008 மார்ச் வரை வந்திறங்கிய பயணிகளில் எத்தனை பேர், பக்கத்திலேயே இருந்த பழைய பங்களாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள்? மலேரியாவைப் பரப்புவது கொசுதான் என்பதற்கான முதல் உறுதியான தடயம் 1897 ஆகஸ்ட் 20ல் இங்குதான் கிடைத்தது. இன்று உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ள சர் ரொனால்ட் ராஸ் ஒட்டுண்ணியியல் நிலையம் இது. உலகம் அந்தத் தேதியைக் கொசு தினமாக அனுசரிக்கிறது. ஹைதராபாத் வரும் சுற்றுலாப் பயணியோ சார்மினார், கோல்கொண்டா, பிரியாணி என்று முடித்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்.

சொல்வதற்குக் கதை இல்லாமல் இல்லை. அல்மோராவில் பிறந்த ராணுவ டாக்டர் ராஸ், அதே ஆண்டு ஊட்டி அருகே சிகூருக்குப் போய்த் தானே மலேரியாவில் விழுந்து எழுந்தவர். செகந்திராபாத் திரும்பியதும் ஹுசேன் கான் என்ற நோயாளியைக் கொசுக்களிடம் ஒப்படைத்தார். ஒரு கொசுவுக்கு ஒரு அணா கூலி. அவர் ரத்தம் குடித்த கொசுவின் வயிற்றைக் கீறி மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, கரும் துகள்களுடன் ஒட்டுண்ணி கண்ணில் பட்டது. 1902ல் ராஸுக்கு நோபல் பரிசு. ஹுசேன் கானுக்கு அணாக்கள்.

ஆய்வின் அடுத்த கட்டம் நடந்த கல்கத்தா விவரமான ஊர். ராஸுக்கு நினைவு வாயில் எழுப்பி, 1927ல் அவரை வைத்தே திறந்துவிட்டது.

மார்க்கெட்டிங் என்றாலே நம் அருங்காட்சியகக்காரர்கள் பலர் முகம் சுளிக்கிறார்கள். சோப்பு விற்கிற வேலை என்று நினைப்பு. ஆனால் அதே நகரின் சாலார்ஜங் மியூசியத்தில் நடப்பது என்ன? கடிகாரத்திலிருந்து தாடிக்காரப் பொம்மை வெளிப்பட்டு மணியடிப்பதைக் காண, ஒவ்வொரு மணிக்கும் கூட்டம் கூடுகிறது. கடிகாரத்துக்காக வந்தவர்தான் பளிங்கில் முக்காடிட்ட ரெபெக்கா முன்பும் வாய்பிளந்து நிற்கிறார். ஒன்றைக் காட்டி இழுத்து, மற்றதையும் பார்க்கவைக்கும் இந்த உத்திக்கு விளம்பர ஏஜென்சி தேவையில்லை. சௌமஹல்லா அரண்மனையோ இன்னொரு பாடம். பாழடைந்து கிடந்ததை நிஜாம் குடும்பம் பழுதுபார்த்து, டிக்கெட் வைத்துப் பொதுமக்களுக்குத் திறந்தது. 2010ல் யுனெஸ்கோ விருது வந்தது.

டிக்கெட் வருமானத்தில் மட்டும் ஒரு பழைய கட்டடத்தைக் காப்பாற்றிவிட முடியாது என்பது நிஜம். ஆனால் பார்வையாளர் வரும் இடத்தில் கூரை ஒழுகினால் நாலு பேர் கேட்பார்கள். யாரும் வராத இடத்தில் சுவர் இடிந்தாலும் கேட்க நாதியில்லை.

பெயர் பரவினால் காவலும் பலமாக வேண்டும். புரானி ஹவேலியில் உள்ள நிஜாம் மியூசியத்திலிருந்து 2018 செப்டம்பரில் தங்க டிபன் பாக்ஸையே தூக்கிப் போனார்கள். (நல்லவேளை, போலீஸ் மீட்டுவிட்டது.) ராஸ் பங்களாவில் தங்கம் எதுவும் இல்லை. ஆனால் சௌமஹல்லா போலக் கூட்டத்தைத் தாங்கும் அரண்மனையும் அல்ல அது. ஒரு வேளைக்கு ஒரு வகுப்பு மாணவர்கள் என்று அளந்து அனுப்பினால் போதும்.

அந்த மாணவர்களுக்குக் காட்ட என்ன இருக்கிறது? ஒரு மைக்ராஸ்கோப், அதன் கீழ் ஒரு ஸ்லைடு, ஹுசேன் கானின் அணாக் கணக்கு. கதை பழசாகிவிடவும் இல்லை. மலேரியா 2023ல் கூட உலகெங்கும் சுமார் 6 லட்சம் பேரைப் பலிகொண்டது. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஆர்21 தடுப்பூசி தயாராவது நம் புனேயில்தான். பேகம்பேட்டில் தொடங்கி புனேவரை நீளும் இந்தக் கதையைச் சொல்லத் தெரிந்த வழிகாட்டி ஒருவரும், வசூலாகும் பணம் அந்தக் கட்டடத்துக்கே செலவாகும் என்ற ஏற்பாடும் இருந்தால் தொடங்கிவிடலாம். நாள் குறிக்க ஜோசியரிடம் போக வேண்டாம்: ஆகஸ்ட் 20.